துரையைச் சேர்த்தா, சேர்க்காமலா?

மேடையில் ஏறி யாராவது "நாம்" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எந்தக் கட்சி, எந்தக் கொடி என்றெல்லாம் பார்ப்பதில்லை. என்னைக் கேட்காமல் என்னை எதற்குள் சேர்க்கிறான் இவன் என்று இருக்கும். "நாங்கள்" என்று ஆரம்பித்தால் அதைவிடச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். துரை ஆட்சியில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கென்று ஓர் ஆபீஸ் இருந்ததை அவர்கள் பார்த்ததில்லை.

நான் படித்தவனில்லை. அரசாங்க அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை. தாளை மடித்து அடுக்கி, ஊசியால் குத்தி, மெழுகு நூலால் தைத்து, முதுகில் பசை தடவி அட்டை போடுவேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது என் வேலையில் சேராது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். தாள் தலைகீழாக இல்லை என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அந்த ஆபீஸ் வந்த கதை இது. எங்கள் துரை ஊர் மொழியைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வருஷா வருஷம் அவருக்கு மாலை போட்டு வரவேற்பு வாசிப்பார்கள்: "எங்கள் ஊருக்கு எழுந்தருளிய துரை அவர்களே, எங்கள் மனமார்ந்த நன்றி." துரையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அவருக்குப் பாடம் சொல்லித்தந்தவர் ஆபீஸ் மொழிபெயர்ப்பாளர். உள்ளூர்க்காரர்தான், மெலிந்த ஆள், தான் படித்தது வீணாகிவிடக் கூடாது என்கிற கவலை எப்போதும் முகத்தில் இருக்கும். ஒருநாள் அவர், "உங்க பாஷையில ஒண்ணுதான் துரை, எங்க பாஷையில ரெண்டு இருக்கு. 'நாம்'னா கேக்கறவரையும் சேர்த்து. 'நாங்கள்'னா கேக்கறவரை விட்டுட்டு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

துரை பென்சிலைக் கீழே வைத்தாராம். "எங்கள் ஊர்னு சொன்னா நான் உள்ளேயா, வெளியேயா?"

"வெளியேங்க, துரை."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமாங்க."

அன்றைக்கு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தும்மல் வந்து பாடம் நின்றிருந்தால் என் தங்கச்சி புருஷன் வீட்டிலேயே இருந்திருப்பான். தும்மல் வரவில்லை. பதவி உயர்வுதான் வந்தது.

அடுத்த மாதம் ஆபீஸ் திறந்தார்கள். அதற்கு நீளமான பேர் ஒன்று இருந்தது. எல்லாரும் சொன்னது 'நாம் ஆபீஸ்'. அரசாங்கத்தின் காதில் விழும்படி பேசுகிறவன் 'நாம்' என்றே பேச வேண்டும். 'நாங்கள்' என்று பேசினால் அரசாங்கத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதாக அர்த்தம். அரசாங்கத்தின் காது எது என்று கேட்டால், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எல்லார் காதும். வாயிற்காவலன் காது, விளக்கு ஏற்றுகிறவன் காது, கணக்குப் பார்த்தால் என் காதும்தான்.

பதிவேடு கட்டச் சொல்லி அச்சகத்துக்கு உத்தரவு வந்தது. 'நாம்' என்று ஒன்று, மெலிசு. 'நாங்கள்' என்று ஒன்று, நானூறு தாள். மொழிபெயர்ப்பாளரே நேரில் வந்து தடித்ததைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் விரலை வைத்து, "இன்னும் தாள் சேர்க்க எடம் விட்டுக் கட்டு" என்றார். எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது அப்போதுதான். இடம் விடச் சொல்கிறான் என்றால் தாள் வரப்போகிறது.

வந்தது. துணிக்கடைப் பலகையில் 'எங்களிடம் நயமான துணி கிடைக்கும்' என்று எழுதியிருந்ததை 'நம்மிடம்' என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றின மறுநாள் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து ஆறு முழம் கிழித்துக்கொண்டு போனார். நம்மிடம் இருப்பதை நாம் எடுக்கிறோம், இதில் என்ன என்று கேட்டாராம். தபால்காரர் லீவு கேட்கப் போனவர், "எங்க வீட்டுல உடம்பு சரியில்லைங்க" என்று எல்லாரும் சொல்கிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் பயந்து, "நம்ம பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லைங்க" என்று முடித்தார். லீவுப் புத்தகத்தில் அப்படியே ஏறிவிட்டது. மேலதிகாரி கையெழுத்தும் போட்டுவிட்டார். தபால்காரர் பொண்டாட்டி அவரோடு பத்து நாள் பேசவில்லை.

எதற்கு வம்பு என்று ஜனங்கள் இரண்டு வார்த்தையையும் விட்டுவிட்டார்கள். "போனோம், வந்தோம்" என்று மொட்டையாகப் பேசினார்கள். ஆபீஸ் அதையும் பிடித்தது. சந்தைக்குப் போய் வருகிறவனை நிறுத்தி, "போனோம்னா? துரையைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்பார்கள். சேர்த்து என்றால், துரை எப்போது சந்தைக்கு வந்தார் என்பார்கள். சேர்க்காமல் என்றால் பேர் பதிவேட்டில் ஏறும். புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்குள் பேசுவதுகூடக் குறைந்துபோனது. தெருவே ஊமையாகிவிட்ட மாதிரி இருக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

என் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது, பிள்ளை இல்லை. அப்பா கட்டின வீட்டில் முன்கட்டில் நான். பின்கட்டில் என் தங்கச்சி, அவள் புருஷன், அவர்களுடைய இரண்டு பெண்கள். மாப்பிள்ளை கொத்தனார். எனக்கு மூன்று வேளையும் தங்கச்சி வீட்டில்தான் சாப்பாடு. என் தட்டு அவள் அலமாரியிலேயே இருக்கும். அவள் வாயில் எப்போதும் 'நம்ம வீடு'தான்.

எங்கள் தெருக் குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. மாப்பிள்ளை மனு எழுதினான். 'எங்கள் தெருவில் எங்களுக்குத் தண்ணீர் இல்லை.' எச்சரிக்கையோடு திரும்பி வந்தது. திருத்தி எழுதினான். 'நம் தெருவில் நமக்குத் தண்ணீர் இல்லை.' அதுவும் திரும்பி வந்தது. விசாரித்ததில் துரை பங்களாவில் தண்ணீர் இருக்கிறது, புல்தரைக்கு இரண்டு வேளை விடுகிறார்கள், ஆகவே நமக்குத் தண்ணீர் இல்லை என்பது பொய்த் தகவல் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. மூன்றாவது தடவை வெறுமனே 'தண்ணீர் இல்லை' என்று எழுதினான். 'யாருக்கு?' என்று கேட்டு வந்தது.

அந்த மூன்றாவது மனுவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை குழாயடியில் நின்றான். பக்கத்தில் நான். பெண்கள் காலிக் குடங்களை வரிசை வைத்திருந்தார்கள். வராத தண்ணீருக்கும் வரிசை உண்டு. மாப்பிள்ளை காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"நாமளே தோண்டிக்கலாம், மச்சான். பன்னெண்டு அடியில ஊத்து இருக்கு."

"சரி, மாப்பிள்ளை" என்றேன். அந்தச் சரியை நான் சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குழாய் மேஸ்திரி பின்னால் நின்றது எங்களுக்குத் தெரியாது. குழாயைத் திறந்து மூடுகிற ஆள், அரசாங்கச் சம்பளம். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். ஆனால் மாப்பிள்ளை வாயைத் திறந்த நேரம் வரிசையில் ஒரு குடம் சரிந்து இன்னொரு குடத்தில் இடித்து, அது உருண்டு மேடையில் மோதியது. மேஸ்திரி காதில் 'நா' விழுந்தது. அப்புறம் குடம். அப்புறம் 'ளே தோண்டிக்க'. அப்புறம் மறுபடி குடம். மனுஷன் நேர்மையானவர் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். 'நா', நடுவில் ஓர் ஓட்டை, 'ளே தோண்டிக்க'.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் எனக்குச் சம்மன் வந்தது. பக்கத்தில் நின்றவன் நான் ஒருத்தன்தான், ஆகவே அந்த ஓட்டையை நான் நிரப்ப வேண்டும். கொண்டுவந்த ஆளே வாசித்துக் காட்டினான். மாப்பிள்ளை சொன்னது 'நாங்களே' என்றால், அரசாங்கத்தை ஒதுக்கிவிட்டுக் கிணறு வெட்டத் திட்டம், சொன்னவனுக்கு மட்டும் ஒன்றரை வருஷம் கல் உடைப்பு. 'நாமளே' என்றால், கேட்டவனையும் சேர்த்துக்கொண்ட கூட்டுத் திட்டம். ஆனால் மேஸ்திரியும் காது எட்டும் தூரத்தில் நின்றபடியால் அரசாங்கத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்கிற சலுகை உண்டு. சொன்னவனுக்கு மூன்று மாதம், கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு மூன்று மாதம்.

தங்கச்சி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் போன பிறகு எனக்குத் தட்டு வைத்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அவர் சொன்னது 'நாம'தானேண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நடந்ததைச் சொல்லு, போதும். ஆளுக்கு மூணு மாசம்தானே. நம்ம குடும்பம் அதைத் தாங்கும். உன் வேலை போச்சுன்னா போகுது, நாம பாத்துக்கலாம்."

"சரி" என்றேன். அது இரண்டாவது சரி.

பயத்தைப் பற்றிப் படித்தவர்கள் என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த பயம் வயிற்றில் இருக்கிறது. கல் உடைக்கப் போய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற ஒருத்தன் இரண்டு மாதம் போய்வந்தான். வந்த பிறகு அவன் விரல் ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்கவில்லை. என் விரலை நான் பார்த்துக்கொண்டேன். ஊசி பிடிக்கிற விரல். மாப்பிள்ளை கொத்தனார், கல் அவனுக்குப் புதிதில்லை. இந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

விசாரணை அறையில் நீளப் பெஞ்சு. சுவரில் பெரிய எழுத்தில் 'இங்கே பேசுவோர் சேர்த்தே பேசவும்' என்று எழுதி மாட்டியிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தான். இருமலில் எந்த வார்த்தை கேட்குமோ என்ற பயம். மாப்பிள்ளையை ஒரு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். நான்கு நாள் தாடி. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

துரை உள்ளறையிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், கோபமே கிடையாது. மொழி கற்றவர் என்பதால் அவரே பேசினார். "எனக்கு வேண்டியது அன்பு. அதிகம் வேண்டாம், ஒரு வார்த்தையில் வைத்தால் போதும். நாம் எல்லாரும் ஒரு குடும்பம். குடும்பத்தில் அன்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொள்ளாதவன் கல் உடைக்க வேண்டும்" என்றார்.

மூலையிலிருந்து மாப்பிள்ளை சொன்னான்: "சந்தோஷமுங்க, துரை. அப்படின்னா நம்ம பங்களாவுல நம்ம குழாயில ரெண்டு குடம் பிடிச்சுக்கறேனுங்க. பொம்பளைங்க ரெண்டு மாசமா நிக்கறாங்க."

வேகமாகப் பேசினதால் துரைக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று கேட்டார். "நன்றி சொல்றான், துரை" என்றார் மொழிபெயர்ப்பாளர். துரை மகிழ்ந்து உள்ளே போய்விட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் என்னைத் தடவிக்கொடுப்பது போலப் பேசினார்.

"பயப்படாதே. யாரையும் தண்டிக்கறது எங்க நோக்கமில்லை. நாங்க எப்பவும் உங்களைச் சேர்த்துக்கத்தான் பாக்கறோம். நீங்கதான் எங்களைச் சேர்த்துக்க மாட்டேங்கறீங்க."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா 'எங்க'வில் நின்றது. தலையைத் தூக்கினான். பழக்கத்தில் கை 'நாங்கள்' பதிவேட்டின் பக்கம் போனது.

"என்ன பாக்கறே?" என்றார் மொழிபெயர்ப்பாளர். "நான் பேசினா அது இலக்கணம். எழுதாதே."

பிறகு என் பக்கம் திரும்பி, மேஸ்திரியின் நோட்டைக் காட்டினார். 'நா'வுக்கும் 'ளே'வுக்கும் நடுவில் விரலை வைத்தார். "இங்கே என்ன எழுத்து? உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அப்படித்தான். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நானும் மற்றவன் சொன்னால் நம்பமாட்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் குழாயடியில நின்னுட்டு இருந்தோமுங்க. அப்போ..."

"போதும்" என்றார்.

குமாஸ்தா எழுதிவிட்டான். மொழிபெயர்ப்பாளர் தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். "'நாங்க'ன்னு சொல்லியிருக்கே."

"அது... நான் நின்னதைச் சொன்னேனுங்க."

"நீ எதைச் சொன்னாலும் வந்த வார்த்தை இதுதானே? ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 'ரெண்டு பேரும்'னு சேர்த்துச் சொல்லிட்டே. அப்படியே விட்டா இந்த 'நாங்க'வுக்குள்ள நீயும் வந்துடுவே. உனக்கும் ஒண்ணரை வருஷம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வயசான ஆளு. பதிவேடு நல்லாக் கட்டறவன். 'ரெண்டு பேரும்'ங்கறதை மட்டும் அடிச்சிடவா? இல்ல, முழுசையும் மாத்திச் சொல்றியா?"

கேட்டார். அதுதான் விஷயம். மாற்றிச் சொல்கிறாயா என்று அவர் கேட்டார். ஓர் எழுத்து. உதட்டை ஒட்டினால் வருகிற எழுத்து, 'ம'. என் உதடு ஒட்டவில்லை. மாப்பிள்ளை மூலையிலிருந்து, "மச்சான், தண்ணி குடிச்சுட்டு நிதானமாச் சொல்லுங்க" என்றான். தண்ணீர் அந்த அறையிலும் இல்லை.

"அடிச்சிடுங்க" என்றேன்.

குமாஸ்தா அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டான். நான் கட்டைவிரல் வைத்தேன். மாப்பிள்ளையை வெளியே கூட்டிப்போகும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்து நடந்தான், படி இருந்தது.

மூன்றாம் நாள் அச்சகத்துக்கு ஒரு கட்டு வந்தது. 'நாங்கள்' பதிவேட்டில் சேர்க்க வேண்டிய தாள்கள். நான் இடம் விட்டுக் கட்டியிருந்தேன் அல்லவா, அந்த இடத்துக்கு. அடுக்கும்போது ஒரு தாளில் கோடு தெரிந்தது, கீழே என் கட்டைவிரல். தனியாகத்தான் இருந்தேன், அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தாள் அடுப்பில் விழுந்தால் யாருக்குத் தெரியும். தாளை விளிம்பு தட்டி, நேராக்கி, ஊசி குத்தித் தைத்தேன். அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டேன். நல்ல தையல், இன்னும் எங்காவது கெட்டியாகத்தான் இருக்கும்.

அந்த மூன்று நாளும் நான் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. வேலையிடத்தில் எதையாவது வாங்கித் தின்றேன். அன்றைக்குப் போனேன். போகாமல் இருந்தால் குற்றம் செய்தவன் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கதவு திறந்துதான் இருந்தது. பெண்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார்கள்.

"வாங்க" என்றாள் தங்கச்சி.

பிறந்ததிலிருந்து அவள் என்னை "வாண்ணே" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். நான் நின்றேன். அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால், நான் தயார் செய்துகொண்டு போயிருந்த பதில்களில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். குமாஸ்தா தானாக எழுதிவிட்டான் என்பது ஒரு பதில். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாள்.

"எங்க வீட்டுல ஒரு ஆள் கொறையுது. எங்களுக்கு அளவாத்தான் சமைக்கறோம்."

அலமாரியைத் திறந்து என் தட்டை எடுத்தாள். விளிம்பில் என் பேரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டித் தூசியை உதிர்த்துவிட்டு நீட்டினாள்.

"உங்க தட்டு இங்கேயே இருந்துடுச்சு. எடுத்துட்டுப் போங்க."

எங்க வீடு என்றாள். சேர்த்தா, சேர்க்காமலா என்று நான் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

குழாயடியில் கூட்டம். கிணறு வெட்டுகிற பேச்சு மறுபடி வராமல் இருக்க ஒரு மணி நேரம் தண்ணீர் விடச் சொல்லி அன்றைக்குத்தான் உத்தரவு வந்திருந்தது. மேஸ்திரி திருகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓரமாக, சுவரை ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவர் என்னையும் என் கையில் இருந்த தட்டையும் பார்த்துவிட்டார்.

"வழி விடுங்கம்மா, வழி விடுங்க" என்றார். "இவரு நம்ம ஆளு."

குடத்தோடு நின்ற பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். மேஸ்திரி எனக்காகத் திருகை நன்றாகத் திறந்துவிட்டார். தட்டில் கழுவ ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லப் பயமாக இருந்தது. எல்லாரும் பார்க்க, குனிந்து, இரண்டு பக்கமும் கழுவினேன்.